ஓடும்போது படுக்கக் கூடாது

மெத்தையைப் பற்றிக் கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியையும் கேட்டேன். எத்தனை அங்குலம், உள்ளே என்ன நுரை, ஓரம் தொய்ந்திருக்கிறதா, நடுவில் குழி விழுந்திருக்கிறதா, நீளம் ஆறேகால் அடியா ஆறரை அடியா என்று போனிலேயே வண்டி வாடகைக்கு விடுகிறவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். மெத்தைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் வேறு எதைக் கேட்பான்? அந்த மனுஷனும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "சார், நீங்க கேரவன் வாடகைக்கு எடுக்கறீங்களா, கட்டில் எடுக்கறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் போனை வைத்தேன்.

என் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி அப்போது ஐந்து வாரம். படுத்திருந்தால் ஒரு குறையும் இல்லை, என்னை அதட்டுவதற்குக்கூடத் தெம்பு இருக்கும். உட்கார்ந்தால் கால் மணி நேரம்தான். அதற்குமேல் இடுப்பில் பிடிக்கும் வலி இடது காலில் இறங்கி, பெருவிரலில் போய் நின்று குத்தும். டாக்டர் மூன்று மாதம் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருந்தார். இந்த லட்சணத்தில்தான் அவள் அக்கா மகனிடமிருந்து போன் வந்தது.

"சித்தப்பா, ஆஸ்பத்திரில கைய விரிச்சுட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டோம். மூணு நாளோ நாலு நாளோங்கறாங்க. அம்மா வேற எதுவும் பேசல. 'குட்டி வந்துட்டாளா, குட்டி வந்துட்டாளா'ன்னு அதையே கேட்டுக்கிட்டிருக்காங்க."

குட்டி என்பது என் மனைவி. ஐம்பத்து மூன்று வயதுக் குட்டி. இவளுக்கு நான்கு வயதில் அம்மா போய்விட்டாள். அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று. தலை பின்னியது, பல் தேய்த்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, பின்னால் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்துப் படிக்க வைத்தது எல்லாம் அக்காதான். எங்கள் கல்யாணத்தன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, இவ கோவிச்சுக்கிட்டா சாப்பிட மாட்டா. நீங்கதான் ரெண்டு தடவ கூப்பிடணும்" என்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் டாக்டர் கடிதம் கேட்டார்கள். டாக்டர், "நான் எழுதிக் குடுத்தா நானே அனுப்பின மாதிரி ஆயிடும்" என்று கையை எடுத்துக் கும்பிட்டார். ரயில் அந்தப் பக்கமே போகாது. போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "இந்தத் துண்டுக் கண்ணாடில எவ மூஞ்சி தெரியுது? ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாளாம். அப்போதுதான் எனக்கு அந்தக் கேரவன் யோசனை வந்தது. வண்டிக்குள் கட்டில் இருக்கிறது, இவள் படுத்துக்கொள்வாள், நான் ஓட்டுவேன், நானூற்று எண்பது கிலோமீட்டர், விடிந்து கிளம்பினால் சாயந்திரம் போய்ச் சேரலாம். என்னைப் போல மூளைக்காரன் உண்டா என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வண்டி எடுக்கப் போனேன். வாடகைக்கு விடுகிறவர் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லிக்கொடுத்தார். கேஸ் வால்வு இங்கே, தண்ணீர்த் தொட்டி இங்கே, கழிவறைப் பெட்டியை இப்படி உருவ வேண்டும், உயரம் பத்தேகால் அடி, கிளையைப் பார்த்துப் போங்கள், இருட்டினால் ஓட்டக் கூடாது. நான் உள்ளே மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மெத்தை. எங்கள் கடையில் போட்டால் ஒரே நாளில் போய்விடும்.

"அப்புறம் சார், வண்டி ஓடும்போது எல்லாரும் சீட்ல பெல்ட் போட்டு உக்காரணும். படுக்கைல யாரும் இருக்கக் கூடாது."

என் கை மெத்தைமேலேயே நின்றுவிட்டது. "யாரும்னா?"

"யாரும்தான் சார்."

"அப்ப இந்தக் கட்டில் எதுக்குங்க?"

"வண்டி நின்னதுக்கப்புறம் படுக்கறதுக்கு. ஓடும்போது படுத்திருந்தாங்கன்னு வைங்க, நீங்க ஒரு பிரேக் அடிச்சா ஆளு இங்கேருந்து முன் கண்ணாடி வரைக்கும் வந்துருவாங்க. போன வருஷம் ஒரு குடும்பம்..."

"போதும்" என்றேன். படுப்பவர் கண்ணுக்கு நேராக, பக்கச் சுவரில், அதையே சிவப்பு எழுத்தில் அச்சடித்து ஒட்டியும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது? அங்கே ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள், இங்கே ஒருத்தி பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

இதே என் மனைவி வேறு யாராவதாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் கட்டிக்கொண்டது ரூல்ஸ் மேடத்தை. பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தொப்பி போடாமல் வந்த முதலாளியையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் என்று அங்கே இன்னும் பேசிக்கொள்வார்களாம். வீட்டில் நான் ஒரு பல்பு மாற்ற வேண்டும் என்றால், ஏணியின் நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று இவள் குனிந்து பார்த்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அந்த மகராசியை அந்தச் சிவப்பு எழுத்துக்கு நேராகப் படுக்க வைத்து நானூற்று எண்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக, பக்கச் சுவரில் இருந்த கொக்கியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். எழுத்து முழுசாக மறைந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மச்சானும் இவளைப் பலகையோடு தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். இவள் மெத்தையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கே" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஓட்டுநர் சீட்டில் போய் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பப் போனேன்.

"ஏங்க, குளிக்கற ரூம் அந்தப் பக்கம் இருக்கு. துண்டு எதுக்கு இங்க தொங்குது?"

"சும்மாதான். கைக்கு எட்டற மாதிரி இருக்கட்டும்னு."

"காஞ்ச துண்டு."

"காஞ்ச துண்டு தொங்கக் கூடாதுன்னு ஏதாவது ரூல் இருக்கா?" என்று கத்தினேன். அங்கேதான் கெட்டது. முப்பது வருஷமாக ஃபோர்மேன்கள் சத்தம் போடும் இடத்தில் என்ன ஒளிந்திருக்கும் என்று பார்த்தே பழகியவள். கையை நீட்டித் துண்டைத் தூக்கினாள்.

"எனக்குப் பெல்ட் போட்டு விடுங்க" என்றாள்.

"உக்கார முடியாதும்மா உன்னால."

"கால் மணி நேரம் முடியும். கால் மணி ஓட்டுங்க. நிறுத்துங்க. படுத்துக்கறேன். வலி அடங்கினதும் மறுபடி உக்காரறேன்."

"இது என்ன டவுன் பஸ்ஸா, ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு போக? மனக் கணக்குப் போட்டுப் பாரு. நாலு நாள் ஆகும்!"

"அப்ப இங்க நின்னு பேசாம கிளம்புங்க."

கிளம்பினோம். எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் இவளை உட்கார வைத்து, இடுப்புக்கு இரண்டு தலையணை கொடுத்து, பெல்ட்டை மாட்டினேன். இவள் போனில் பதினைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்தாள். அலாரம் அடித்தபோது நாங்கள் எங்கள் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. ஒரு டயர் கடையின் முன்னால் நிறுத்தி, பெல்ட்டை அவிழ்த்து, கக்கத்தில் கை கொடுத்து மூன்று எட்டு நடத்தி, படுக்கையில் சாய்த்தேன். நாற்பது நிமிஷம் படுத்திருந்தாள். நான் கீழே இறங்கி, டயர் கடைக்காரர் வேறொரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் பார்த்து மாட்டி முடிக்கும் வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அந்த வண்டிக்காரர் எனக்குப் பின்னால் வந்தவர், எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுவதும் அதே கூத்து. ஒரு அலுவலகக் கட்டிடத்தின் வாகன நிறுத்தம். ஒரு பெட்ரோல் பங்க். ஒரு பள்ளிக்கூடத்தின் மதில் ஓரம். மர அறுவைப் பட்டறை. நிறுத்திய இடத்தில் எல்லாம் ஜனங்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். உல்லாசப் பயணம் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தர், "கொடுத்து வச்சவங்க சார் நீங்க, வீட்டோடவே ஊர் சுத்தறீங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையில் சாவியைக் கொடுத்து, ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். "ஆமாங்க" என்றேன்.

இருட்டும்போது கணக்குப் பார்த்தேன். நூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர். ஒரு லாரி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்து இவளுக்கு ஊட்டினேன். அக்கா மகன் போன் செய்தான். அம்மா ஒரு வாய் கஞ்சி குடித்தாள் என்று சொல்லி, எங்கே வருகிறீர்கள் என்று கேட்டான். நான் கிலோமீட்டரைச் சொன்னதும் "சரி சித்தப்பா" என்று போனை வைத்துவிட்டான். அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் அந்தக் கால் மணி நேரம் பத்து நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. அலாரம் அடிப்பதற்கு முன்பே இவள் மூச்சு மாறுவது எனக்குப் பின்னாலிருந்து கேட்கும். வாய் திறந்து நிறுத்தச் சொல்ல மாட்டாள். நானே நிறுத்துவேன். படுக்க வைக்கும்போது ஜாக்கெட் முதுகுப் பக்கம் தொப்பலாக நனைந்திருக்கும். ஒரு தடவை நிழலுக்கு ஒதுங்கி நிறுத்தியிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, இங்கே நிறுத்தக் கூடாது என்றார். எனக்கு எங்கிருந்து அழுகை வந்ததோ தெரியவில்லை, முழுக் கதையையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன்.

"படுத்துக்கிட்டே போகட்டும் சார். நான் பாக்கல. கிளம்புங்க" என்றார்.

எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "சார், நீங்க பாக்கலன்னா பிரேக் அடிக்கும்போது நான் விழ மாட்டேனா?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வீட்லயும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பத்து நிமிஷம் அதே இடத்தில் நிற்க அனுமதி கொடுத்துப் போனார்.

அன்று மத்தியானம் அக்கா மகன் மறுபடியும் பேசினான். அம்மா கஞ்சியைத் துப்பிவிடுகிறாளாம். கண்ணை மூடினால் திறக்க நேரமாகிறதாம். அதைக் கேட்டபிறகு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இவள் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். "வெயில் அடிக்குது. வண்டிய அந்த மரத்தடிக்கு நகத்தறேன், நீ எந்திரிக்காத" என்றேன். "ம்" என்றாள். மரத்தடிக்குப் போனேன். அங்கே நிற்கவில்லை. அப்படியே சாலையில் ஏற்றி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போனது. மூன்று போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு மென்மையாக நான் எந்த வண்டியையும் ஓட்டியதில்லை. சாயந்திரத்துக்குள் போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடியில் ஏதோ அசைந்தது. பார்த்தேன். இவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நடு வண்டியில், இரண்டு கையாலும் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டும் நடுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ஆள் துணை இல்லாமல் இவள் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"படும்மா! படு! விழுந்துடப் போற!"

"நிறுத்துங்க."

"உனக்காகத்தானடி பண்றேன்! அங்க உங்க அக்கா..."

"எனக்குத் தெரியும் அங்க என்னன்னு. நிறுத்துங்க."

பிரேக்கை மிதிக்கவும் பயம். மிதித்தால் இவள் பறந்து வருவாள். மிதிக்காவிட்டால் இவள் நிற்பாள். காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறைந்து, உருண்டு உருண்டு ஓரம் கட்டி நிற்கும் வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஓடிப்போய்த் தாங்கிப் படுக்க வைத்தேன். இவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரூல், ரூல் என்று சாகிறாயே, அந்த ரூல் போட்டவன் உன் அக்காவைக் கொண்டுவந்து காட்டுவானா, உன் பிடிவாதத்துக்கு ஒரு எல்லை இல்லையா, கல் நெஞ்சக்காரி என்றெல்லாம் சொன்னேன். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ரூலுக்காக இல்லங்க" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்து வளந்தோம். அக்கா எப்பவும் வெளி ஓரத்துல படுப்பா, நான் விழுந்துரக் கூடாதுன்னு. நான் போயிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல, முடிஞ்சுது. ஆனா ஒரு நாய் குறுக்க வருது, நீங்க பிரேக் போடறீங்க, நான் கண்ணாடில போய் அடிச்சு விழறேன்னு வைங்க. அதுக்கப்புறம் நீங்க இருபது வருஷம் இருக்கணுமே. தூங்குவீங்களா? அந்த மாதிரி ஆள நான் பாத்திருக்கேன். ஃபேக்டரில கிரேன் ஓட்டினவரு. யாரும் அவர ஒரு வார்த்த சொல்லல. அவரு தப்பும் இல்ல. அதுக்கப்புறம் அவரு கை நடுங்காம ஒரு டம்ளர் தண்ணி குடிச்சு நான் பாக்கல. உங்கள அப்படி ஆக்கிட்டு அக்காவப் பாத்து நான் என்ன சொல்றது?"

அவ்வளவு நேரம் திட்டிய வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். குத்துகிற அந்தப் பெருவிரலைப் பிடித்துவிட்டேன். இவளும் அழுதாள். அப்புறம், "நாப்பது நிமிஷம் ஆச்சு. உக்கார வைங்க" என்றாள்.

அன்று நூற்று இருபது கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். இவள் இப்போது ஏழு நிமிஷம் உட்கார்ந்தாள், எட்டு நிமிஷம் உட்கார்ந்தாள். படுக்கும் நேரத்தையும் இவளே வெட்டிவிட்டாள். கால் மணி படுத்ததுமே எழுப்பச் சொன்னாள். உதட்டைக் கடித்துக் கடித்துக் கீழ் உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. வலி மாத்திரையைக் குறித்த நேரத்துக்கு முன்னால் நான் கொடுக்கப் போனால், அட்டையில் எழுதியிருக்கும் மணியைக் காட்டி மறுத்தாள். எனக்கு எதுவும் சொல்லுகிற உரிமை போய்விட்டது போல இருந்தது. ஓட்டினேன், நிறுத்தினேன், தாங்கினேன், படுக்க வைத்தேன். சாயந்திரம் நாலு மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி இருந்தது. ஒரு சிமெண்டுக் கிடங்கின் முன்னால் நின்றிருந்தோம். இவள் அப்போதுதான் படுத்திருந்தாள். போன் அடித்தது.

"சித்தப்பா." அவன் குரலே சரியில்லை. "அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கண்ண மூட மாட்டேங்கறாங்க. வாசலையே பாத்துக்கிட்டிருக்காங்க. எங்க இருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அக்கா காதுல வைடா."

அங்கே துணி உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த மூச்சு. மரம் அறுக்கிற மாதிரி, இழுத்து, நின்று, இழுத்து.

"அக்கா, நான்தான்."

"குட்டி... எங்கடி இருக்க?"

"வந்துட்டேன்க்கா. உன் தெருவுக்கு வந்துட்டேன்."

நான் நிமிர்ந்து இவளைப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் இவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, குரலில் ஒரு பிசிறு இல்லாமல் பேசினாள்.

"உன் பச்சை கேட் தெரியுதுக்கா. வண்டி பெருசு, தெரு சின்னது. எவனோ ஸ்கூட்டர குறுக்க நிறுத்திட்டுப் போயிருக்கான். உங்க மாப்ள எறங்கி அவங்கூட சண்ட போட்டுக்கிட்டிருக்காரு. உனக்குத் தெரியாதா அவர் வாய்?"

அந்த மூச்சுக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "திட்ட வேணாம்னு... சொல்லு. மெதுவா வா. முதுகு..." என்றாள் அக்கா. பிறகு அங்கே யாரிடமோ, "கதவ... தொறந்து வைடா" என்றாள்.

காலடிச் சத்தம் கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு அவன் வெளியே வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு பேசினான்.

"சித்தி, நான் கேட்ல நிக்கறேன். தெருவுல வண்டி எதுவுமே இல்லையே."

இவள் கண்ணை மூடிக்கொண்டாள். "உள்ள போடா கண்ணு. அம்மா பக்கத்துல போய் உக்காரு. கதவ மட்டும் சாத்தாத."

கொஞ்ச நேரம் அவன் அங்கேயே நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். அப்புறம் லைன் துண்டானது.

இவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி முன்னால் இருந்த தாங்கியில் செருகினேன். திரும்பி வந்து, உட்கார வைப்பதற்காகக் கக்கத்தில் கை கொடுத்தேன். இவள் என் கையை விலக்கினாள்.

"ஓட்டுங்க."

"நீ படுத்திருக்கம்மா."

"ஓட்டுங்கன்னு சொல்றேன்ல."

"நேத்து நீதான..."

"நேத்து நான் அக்காகிட்ட ஒண்ணும் சொல்லலையே!" என்று அடித் தொண்டையிலிருந்து கத்தினாள். "இப்பச் சொல்லிட்டேன். தெருவுல இருக்கேன்னு சொல்லிட்டேன். கதவத் தொறந்து வச்சுட்டுப் பாத்துக்கிட்டிருக்கா. ஓட்டுங்க!"

ஓட்டினேன். முந்தின நாள் இதற்காகத்தானே ஏங்கினேன், இன்றைக்குக் கையில் கிடைத்ததும் கால் ஆக்சிலரேட்டரில் நிற்கவில்லை. வேகமாகப் போனால் இவள். மெதுவாகப் போனால் அக்கா. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே காலை எடுத்தேன். அதற்கும் எனக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டர் இடைவெளி விட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து கையை நீட்டி ஏசிவிட்டுப் போனார்கள். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது பின்னால் 'ம்மா' என்று ஒரு சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. கண்ணாடியில் இவள் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருப்பது மட்டும் தெரிந்தது, விரல் கணுவெல்லாம் வெளுத்து.

இருபது கிலோமீட்டர் அப்படிப் போனது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் போயிருக்கும், தாங்கியில் இருந்த போன் அடித்தது. திரையில் அக்கா மகன் பெயர். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

"எடுக்காதீங்க" என்றாள்.

கை பாதியில் நின்றது.

"வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சின்ன இடத்தில் அந்தச் சத்தத்துக்குப் போக்கிடம் இல்லை.

"ஓரமா நிறுத்திட்டு எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம். நிறுத்தாதீங்க." கொஞ்சம் பொறுத்து, "அவ பாத்துக்கிட்டிருக்கா" என்றாள்.

போன் ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது. நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். இன்னும் நாற்பத்தொரு கிலோமீட்டர் இருந்தது.